9 லட்சம் கிலோமீட்டர் ஓடிய லாரி எஞ்சின்: பிரித்து வேலை செய்வதா, வேறு எஞ்சின் வைப்பதா?

உங்கள் லாரி 9 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆயில் குறைகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை, எஞ்சின் அடிப்பகுதியின் காற்றை வெளியேற்றும் பிரீத்தர் குழாயில் புகை வருகிறது. ஒரு மெக்கானிக் பிரித்து வேலை செய்யலாம் என்கிறார், இன்னொருவர் வேறு எஞ்சினே வைத்துவிடுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கைக் கண்ணால் பார்க்கும்வரை இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள். ஓடிய தூரத்தை வைத்து இந்த முடிவை எடுக்க முடியாது.

எனக்கு இது நேர்ந்திருக்கிறது. என் லாரி 8 லட்சத்து 40 ஆயிரத்தில் இதே அறிகுறிகளைக் காட்டியது. வேலைக்கு வண்டி நிற்கக் கூடாது என்ற அவசரத்தில், வேறு வண்டியிலிருந்து இறக்கிய எஞ்சின் ஒன்றை வாங்கி ஏற்றினேன். ஸ்டார்ட் செய்து காட்டினார்கள், சத்தம் சீராக இருந்தது, அதோடு சரி. ஐந்தாவது மாதம், எஞ்சின் சூடேறியதும் ஆயில் பிரஷர் முள் இறங்கத் தொடங்கியது. பிரித்துப் பார்த்தால், கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் தேய்ந்து செம்பு தெரிந்தது. தேய்மானத்தைச் சமன் செய்ய கிராங்க் ஏற்கெனவே இரண்டு முறை அரைக்கப்பட்டிருந்தது. அதன் பிறகுதான் மூலையில் கிடந்த என் பழைய எஞ்சினைத் திறந்தோம். கிராங்க் ஒரு முறைகூட அரைக்கப்படாத ஸ்டாண்டர்டு அளவில் இருந்தது. எஞ்சினின் உடலான பிளாக்கிலும் குறையில்லை. ஒரு இன்ஜெக்டர் டீசலைத் தூவாமல் ஒழுகவிட்டு, சிலிண்டரில் பிஸ்டன் ஓடும் உறையான லைனரின் சுவரில் இருந்த ஆயிலைக் கழுவியிருக்கிறது. அந்த சிலிண்டரில் ரிங்குகள் தேய்ந்து போயிருந்தன. லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றியிருந்தால் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. அந்தப் பழைய எஞ்சினைத்தான் வேலை செய்து மீண்டும் ஏற்றினேன். இன்றும் அதில்தான் ஓடுகிறேன்.

சம்ப்பில் கை வைப்பதற்கு முன், நோய் எஞ்சினில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிரீத்தரில் புகை வந்தாலே பேக் கம்ப்ரஷன் (சிலிண்டரின் அழுத்தம் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசிவது), ரிங் போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள். ஏர் பிரேக் கம்ப்ரசர் தேய்ந்திருந்தாலும் அதன் காற்று, கிராங்க் சுழலும் கூடான கிராங்க் கேஸுக்குள் இறங்கி அதே புகையைக் காட்டும். டர்போவின் சீல் போனாலும் அப்படித்தான், ஆயிலும் குறையும். இழுவை இல்லாததற்கு டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் ஒரு விரிசல் போதும். இவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் (காற்றை அழுத்தும் அளவை) அளந்து பாருங்கள். எல்லா சிலிண்டர்களும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் அது வயதுத் தேய்மானம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், அந்த ஒன்றுக்கு என்ன நேர்ந்தது என்று தேட வேண்டும்.

இனி சம்ப்பைக் கழற்றுங்கள். ஒரு மெயின் பேரிங்கையும் ஒரு கனெக்டிங் ராடு பேரிங்கையும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சீரான மங்கிய சாம்பல் நிறம் நல்லது. சாம்பல் தேய்ந்து அடியில் செம்பு நிறம் திட்டாகத் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ஆனாலும் பேரிங் மாற்றக்கூடிய பொருள்தான், பயப்பட வேண்டாம். பிறகு பேரிங் உட்காரும் கிராங்க் பரப்பான ஜர்னலின் எண்ணெயைத் துடைத்துவிட்டு, விரல் நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் மனம் லேசாகும். நகம் தட்டினால் அரைக்க வேண்டியிருக்கும். கிராங்க்கைப் பொதுவாக 0.25 மில்லிமீட்டர் படிகளாக அரைப்பார்கள்; ஒவ்வொரு படிக்கும் அதற்கேற்ற தடித்த பேரிங் வேண்டும். இதற்கு முன் எத்தனை படி போயிருக்கிறது, இன்னும் எத்தனை படிக்கு அந்த எஞ்சினுக்குப் பேரிங் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

கிராங்க்கையாவது மாற்றலாம். பிளாக் கெட்டால் கதை வேறு. ஒரு பேரிங் தன் இடத்திலேயே சுழன்றிருந்தால், அது உட்காரும் துளை சூட்டில் வடிவம் மாறியிருக்கும். துளைகளை ஒரே நேர்கோட்டில் கடைந்து சரிசெய்யும் லைன் போரிங் செய்யாமல் புதுப் பேரிங் போட்டால், புதுப் பேரிங்கும் அதே வழியில் போகும். என் நண்பர் ஒருவர் இதை அளக்காமலே இரண்டு முறை எஞ்சின் வேலை செய்தார். மூன்றாவது முறை வேறு எஞ்சின்தான் வைத்தார். முதல் முறையே அதைச் செய்திருக்க வேண்டும்.

லைனரின் வெளிப்புறத்தைக் கூலன்ட் நேரடியாகத் தொடும் வெட் லைனர் எஞ்சினாக இருந்தால் இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, லைனரின் வெளிப்புறம். சரியான கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரிலேயே ஓடிய எஞ்சினில், லைனரின் அதிர்வால் தண்ணீரில் குமிழ்கள் உண்டாகி உடைந்து, இரும்பை ஊசியால் குத்தியதுபோல் துளைத்திருக்கும். லைனர் மாற்றினால் அது தீரும். கூலன்ட்டை மாற்றாவிட்டால் திரும்ப வரும். இன்னொன்று, லைனர் உட்காரும் பிளாக் விளிம்பு. லைனர் பிளாக்கின் மேல்தளத்தைவிட நூலிழை உயர்ந்து நின்றால்தான் ஹெட் கேஸ்கெட் இறுகும். விளிம்பு தேய்ந்து லைனர் இறங்கியிருந்தால் அந்த இடத்தை வெட்டி, மெல்லிய தகடான ஷிம் வைக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த லேத் பட்டறை எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

என் கணக்கு இதுதான். பிளாக் நன்றாக இருந்து, கிராங்க் ஸ்டாண்டர்டிலோ முதல் படியிலோ இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு பிரித்து வேலை செய்வேன். பிளாக்கில் வெடிப்பு, லைன் போரிங் தேவை, கிராங்க்கும் போய்விட்டது, ஹெட்டிலும் விரிசல் என்று இரண்டு மூன்று சேர்ந்தால் மாற்றிவிடுவேன். எல்லாச் செலவும் சேர்ந்து, உத்தரவாதத்தோடு வரும் மறுதயாரிப்பு எஞ்சின் விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினாலும் மாற்றிவிடுவேன். வண்டி நிற்கும் நாட்களின் இழப்பையும் அந்தச் செலவில் சேர்க்க வேண்டும்.

மாற்றுவதானால், இறக்கிய எஞ்சினை சம்ப் கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள்; திறக்கச் சம்மதிக்காதவரிடம் வாங்கவே வேண்டாம். எஞ்சின் எண் மாறுவதால் பதிவு ஆவணத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதையும், கம்ப்யூட்டர் கட்டுப்பாடு உள்ள எஞ்சின் என்றால் பழைய கட்டுப்பாட்டு கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வோடும் புகை வடிகட்டிகளோடும் ஒத்துப்போகுமா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் ஆயில் கூலர் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பேரிங் உடைந்த எஞ்சினின் உலோகத் துகள்கள் அதற்குள் தங்கியிருக்கும். அதை அப்படியே பொருத்தினால் துகள் நேரே புதுப் பேரிங்குக்குப் போகும். கழுவினாலும் முழுதாகப் போகும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. நான் மாற்றிவிடுவேன்.

சம்ப் கழற்றும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருங்கள். கழற்றும் ஒவ்வொரு பேரிங்கின் முதுகிலும் எந்த இடத்தினுடையது என்று எண் எழுதி வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். எல்லாம் ஒன்றுபோல் தேய்ந்திருக்கின்றனவா, ஓர் இடம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருக்கிறதா என்பது அந்த வரிசையில் தெரியும். போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.