விளம்பரத்தில் பேசியதற்கு நோட்டீஸ்: சீரியல் வாய்ப்பு பறிபோகுமா?

கேள்வி: மாலை நேரச் சீரியல் ஒன்றில் கதாநாயகியாக நடிக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு கூந்தல் தைல விளம்பரத்தில், "நானும் இதைத்தான் தேய்க்கிறேன், முப்பதே நாளில் முடி வளர்ந்தது" என்று பேசினேன். இப்போது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திலிருந்து எனக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. தயாரிப்பாளரோ, ஒப்பந்தத்திலுள்ள நற்பெயர் நிபந்தனையை (நடிப்பவரின் பெயர் கெட்டால் நீக்கலாம் என்பதை) காட்டி, என்னை மாற்றப்போவதாகச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: சிறை பற்றிய அச்சம் வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 89 சொல்லும் சிறைத் தண்டனை உற்பத்தியாளருக்கும் சேவை வழங்குபவருக்கும் உரியது. உங்களுக்குப் பொருந்துவது பிரிவு 21. அதன்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும், எந்தப் பொருளையும் பரிந்துரைக்க ஓராண்டு வரை தடையும் விதிக்கலாம்; மறுமுறை என்றால் 50 லட்சம் வரை, மூன்றாண்டு வரை. இந்தத் தடை விளம்பரத்துக்கு மட்டுமே, சீரியல் நடிப்புக்கு அல்ல.

விளம்பரத்தில் சொல்லப்படுவது உண்மைதானா என்று உரிய கவனத்துடன் சரிபார்த்தவர் மீது பொறுப்பு சுமத்தக் கூடாது என்றும் அதே பிரிவு கூறுவதால், தைலத்தின் ஆய்வறிக்கையைக் கேட்டு நிறுவனத்துக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் அதுவே உங்கள் முதல் சான்று. "எழுதிக் கொடுத்ததைப் பேசினேன்" என்ற பதில் எடுபடாது. பரிந்துரை என்பது பேசுபவரின் உண்மையான கருத்தாகவும், போதிய தகவலோ அனுபவமோ உடையதாகவும் இருக்க வேண்டும் என்று ஆணையம் வெளியிட்ட 2022 ஜூன் மாத வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. "நானும் தேய்க்கிறேன்" என்றது வசனமானாலும் உங்கள் வாக்காகவே கொள்ளப்படும். படப்பிடிப்பில் சவுரி வைத்திருந்தால், அதையும் உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள்.

எனக்குக் கூடுதல் கவலை தருவது தயாரிப்பாளரின் ஒப்பந்தம்தான். "குற்றம் உறுதியானால்" என்று நிபந்தனை இருந்தால், வெறும் நோட்டீஸை வைத்து உங்களை நீக்க முடியாது. "தயாரிப்பாளர் கருதினால்" என்றிருந்தால் உங்கள் நிலை பலவீனமே. எப்படியாயினும், தனிப்பட்ட திறன் சார்ந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றும்படி நீதிமன்றம் பொதுவாகக் கட்டாயப்படுத்தாது. முறையற்ற நீக்கம் என்றால் இழப்பீடு கேட்கலாம், கதாநாயகி வேடம் திரும்பாது. ஆகவே வழக்குக்கு முன் பேசிப் பாருங்கள். ஆணையத்துக்கு அளிக்கும் பதிலின் நகலைத் தயாரிப்பாளரிடமும் கொடுங்கள்.

தைல நிறுவனத்துக்கு இன்றே விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் அனுப்பி, விளம்பரத்தை நிறுத்தவும், ஒப்பந்தத்தில் இழப்பீட்டு உறுதி இருந்தால் அபராதத்தையும் வழக்குச் செலவையும் ஏற்கவும் கோருங்கள். நோட்டீஸில் குறித்த தேதிக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். ஆய்வறிக்கையை நிறுவனம் தரத் தாமதித்தால், கால அவகாசம் கேட்டாவது எழுதிவிடுங்கள்.