மாய உயிர்கள் இன்றைய நகரத்துக்குள் படையெடுக்கும் நாவலைப் பெரியவர்கள் மதித்துப் படிப்பார்களா?

பேய், பூதம், மந்திரவாதி எல்லாம் இன்றைய நகரத்துக்குள் புகுந்துவிடுவதாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருப்பதாகவும், இதைப் பெரியவர்கள் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயமாக இருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ உங்களை நறுக்கென்று ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் நடந்தது. "டாக்டருக்குப் படிச்ச பையன் பூனை பேசுற கதையைப் படிச்சிட்டுத் திரியறான்" என்று எங்கள் சித்தப்பா கல்யாணப் பந்தியில் நாலு பேர் கேட்கச் சொன்னார். அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

அந்தப் பூனைக் கதை ரஷ்ய எழுத்தாளர் மிகயில் புல்ககோவ் எழுதிய 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்'. 1930களின் மாஸ்கோ. ஒரு சாயங்காலம் குளக்கரைப் பூங்காவில் சாத்தான் வந்து உட்காருகிறான். கூடவே ஒரு பரிவாரம். அதில் பன்றி அளவுக்குப் பெரிய ஒரு கறுப்புப் பூனை. இதை ஃபேண்டஸி என்று சொன்னதற்கே சிலர் சண்டைக்கு வருவார்கள், "அது அங்கதம், அது இலக்கியம்" என்று. இலக்கியம்தான், யார் இல்லை என்றது? மாய உயிர்கள் ஒரு நவீன நகரத்தைத் தலைகீழாக்குகின்றன. உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான நாவல் எனக்குத் தெரியாது.

நான் மருத்துவம் படித்தது ரஷ்யாவில். முதல் வருடம் முழுக்க மொழிப்பாடம். எங்கள் ஆசிரியை ஓய்வுபெறும் வயதில் இருந்தவர். இலக்கணப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இந்த நாவலின் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார். முதலில் கொடுத்தது டிராம் பக்கம். பூனை டிராமில் தொற்றிக்கொண்டு பத்து கோபெக் நாணயத்தை நீட்டுகிறது. கண்டக்டர் அம்மாள் அதிசயப்படவே இல்லை. பூனைகளுக்கு அனுமதி கிடையாது, இறங்கு, இல்லாவிட்டால் போலீஸைக் கூப்பிடுவேன் என்று கத்துகிறார். பூனை டிக்கெட் காசு கொடுக்க வந்ததே என்று யாருக்கும் தோன்றவில்லை. விதிதான் கண்ணில் படுகிறது. வகுப்பே சிரித்தது.

அடுத்த வாரம் கொடுத்தது சாத்தான் வந்து தங்கப்போகும் ஐம்பதாம் எண் வீட்டைப் பற்றிய பக்கம். அவன் வருவதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே அந்த வீட்டில் ஆட்கள் காணாமல் போகிறார்கள். வெள்ளைக் கையுறை போட்ட ஒரு போலீஸ்காரர் ரொம்ப மரியாதையாக வந்து, ஸ்டேஷன் வரை ஒரு நிமிஷம் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்று ஒருவரைக் கூப்பிடுகிறார். பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று வேலைக்காரக் கிழவியிடம் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. கூட்டிப்போன போலீஸ்காரரும் அவரோடு சேர்ந்து காணாமல் போய்விடுகிறார். இது சூனியம்தான் என்கிறாள் கிழவி. நாங்கள் மறுபடி சிரித்தோம். ஆசிரியை சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அந்தப் போலீஸ்காரர் எங்கே போனார்?" என்று மட்டும் கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. அப்புறம் கரும்பலகையில் யெஷோவ் என்று எழுதினார். 1937, 38இல் லட்சக்கணக்கானவர்களைக் கைது செய்த ரகசியப் போலீஸின் தலைவர். அவரையே 1940 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மாதம் புல்ககோவ் நோயில் இறந்தார்.

அன்றைக்குத்தான் இந்தக் கதை எனக்குப் பிடிபட்டது. சாத்தான் வருவதற்கு முன்பே ஊரில் சூனியம் நடந்துகொண்டிருக்கிறது. அவன் மாஸ்கோவைக் கெடுக்க வரவில்லை. அங்கே ஏற்கெனவே இருந்ததுதான் அவன் வந்ததும் வெளியே தெரிகிறது. டிராமில் அடிபட்டு ஒரு பத்திரிகை ஆசிரியர் சாகிறார். சேதி பரவிய இரண்டு மணி நேரத்துக்குள் அவர் அறைகளைக் கேட்டு குடியிருப்புச் சங்கத் தலைவரிடம் 32 மனுக்கள் வந்துவிடுகின்றன. இதில் மந்திரம் எங்கே? நாடக அரங்கில் கூரையிலிருந்து பத்து ரூபிள் நோட்டு மழையாகக் கொட்டுகிறது, ஜனங்கள் முண்டியடிக்கிறார்கள். மறுநாள் ஒரு டாக்சிக்காரர் தன் பையிலிருந்து எடுத்துப் பார்த்தால் நோட்டு இருந்த இடத்தில் சோடா பாட்டில் லேபிள். அன்றைக்கு ஊரில் எந்த டாக்சியும் பத்து ரூபிள் நோட்டை வாங்க மாட்டேன் என்கிறது. எனக்கு மொத்த மந்திரக்காட்சியைவிட அந்த டாக்சிக்காரரின் எரிச்சல்தான் மனதில் நிற்கிறது. ராணுவ டாங்கியும் டிராகனும் நூறு பக்கத்துக்கு மோதிக்கொள்ளும் நாவல்களில் இந்த டாக்சிக்காரர் இருப்பதில்லை. அவற்றை ரசிப்பவர்களைக் குறை சொல்லவில்லை, என்னால் பாதிக்கு மேல் போக முடிந்ததில்லை, அவ்வளவுதான்.

ரஷ்யாவில் படித்தேன் என்றதுமே ஒரு பின்னூட்டம் வரும் என்று தெரியும், 'காசு கொடுத்து வாங்கின டிகிரி' என்று. நேர்காணலிலும் இதே தொனிதான். ஒரு தனியார் மருத்துவமனையில் என் சான்றிதழைத் திறந்துகூடப் பார்க்காமல் "ஃபாரின் கேண்டிடேட்டா?" என்று ஓரமாக வைத்தார்கள். வெளிநாட்டில் படித்தவர்களுக்குத் தனியாக ஒரு தகுதித் தேர்வு, 300 கேள்விகள், 150 எடுத்தால்தான் இங்கே பதிவு. அதை எழுதித் தேறித்தான் வந்திருக்கிறேன். உள்ளூரில் படித்தவர்கள் யாரும் அதை எழுதத் தேவையில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் ரொம்ப நாளாக உள்ளே கிடக்கிறது.

புல்ககோவும் டாக்டர்தான். அவர் அப்பாவைக் கொன்ற அதே சிறுநீரக நோய் அவருக்கும் வந்தது. அது எப்படி முடியும் என்று அவருக்குத் தெரியும். இந்த நோயில் ரத்த அழுத்தம் ஏறி விழித்திரை கெடும். அப்படி ஒரு நோயாளி எங்கள் வார்டில் இருந்தார்; மாத்திரை அட்டையைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், ஒரு எழுத்தும் தெரியாது. அந்த நிலையில்தான் புல்ககோவ் மனைவி யெலேனாவிடம் வாயால் சொல்லிச் சொல்லி நாவலைத் திருத்தினார். முதல் பிரதியை 1930இல் அவரே எரித்திருந்தார். திரும்ப எழுதியது அவர் இறந்து 26 வருடம் கழித்து, 1966இலும் 67இலும், ஒரு மாத இதழில் வெட்டிக் குறைத்து வந்தது. அத்தனை வருடமும் யெலேனா அதைப் பத்திரமாக வைத்திருந்தார். இதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்பவரோடு எனக்குப் பேச்சில்லை. சித்தப்பாவிடமும் அன்றைக்கு இதையேதான் சொன்னேன். அவர் பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

உங்கள் பூதம் எங்கிருந்து வந்தது, அதன் சக்திக்கு என்ன எல்லை என்பதையெல்லாம் அப்புறம் எழுதலாம். அது வரும் நாளில் உங்கள் ஊரில் யார் எந்த வரிசையில் எந்தக் கையெழுத்துக்காக நிற்கிறார்கள் என்பதை முதலில் எழுதுங்கள். முதல் அத்தியாயம் முடிந்ததும் இங்கேயே போடுங்கள், நான் படிக்கிறேன்.