ஜெர்மனி 67%, ஜப்பான் 20%: மறுசுழற்சியில் ஜப்பான் அவ்வளவு மோசமா?

"ஜெர்மனி தன் குப்பையில் சுமார் 67 சதவீதத்தை மறுசுழற்சி செய்கிறது, சிங்கப்பூர் 52, ஜப்பான் வெறும் 20. குப்பையை அத்தனை வகையாகப் பிரிக்கும் ஜப்பான் எப்படி இவ்வளவு கீழே போனது?" என்று உங்கள் அட்டவணையைக் காட்டிக் கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று எண்களும் அந்தந்த நாட்டுக் கணக்குப்படி சரிதான். ஒரே கணக்கில் வந்தவை இல்லை, அவ்வளவுதான் சிக்கல். எதைக் குப்பை என்று சேர்ப்பது, தராசை எந்த இடத்தில் வைப்பது என்ற இரண்டையும் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு முடிவு செய்துகொண்டது. நான் பல வருடங்களாக சிங்கப்பூரில் இருப்பவன், அதனால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

2023-இல் சிங்கப்பூரின் தேசியச் சுற்றுப்புற வாரியம் சொன்ன ஒட்டுமொத்த மறுசுழற்சி விகிதம் 52 சதவீதம். வீடுகளை மட்டும் தனியாக எடுத்தால் 12. எங்கள் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியில் சமையலறைக்குள் குப்பைக் குழாயின் வாய் இருக்கிறது. கையில் இருப்பதை எல்லாம் ஒரே பையில் கட்டி உள்ளே தள்ளிவிட்டால் கீழே போய்விடும். மறுசுழற்சித் தொட்டிக்கோ மின்தூக்கியில் இறங்கிப் போக வேண்டும். அந்த நீலத் தொட்டியில் விழுவதிலும் சுமார் 40 சதவீதம் சாப்பாடும் பானமும் பட்டு வீணானது, அல்லது மறுசுழற்சிக்கு ஆகாதது. 12 என்பதைப் பார்த்து எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

அப்படியானால் 52 எங்கிருந்து வந்தது? கட்டட இடிபாடும் இரும்பும்தான் அதைத் தூக்கி நிறுத்துகின்றன. பழைய கட்டடத்தை இடித்தால் வரும் கான்கிரீட், கம்பி எல்லாம் ஏறக்குறைய முழுவதுமாக மறுபயன்பாட்டுக்குப் போகின்றன, எடையும் பயங்கரம். யூரோஸ்டாட் (ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகம்), ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) வரையறையில் இடிபாடு நகராட்சிக் குப்பையே இல்லை. வீட்டுக் குப்பையும், அதைப் போன்ற கடை, அலுவலகக் குப்பையும்தான் கணக்கு. எனவே ஜெர்மனியின் 67-க்குப் பக்கத்தில் சிங்கப்பூரின் 52-ஐ வைப்பது கரும்பு லோடையும் பஞ்சு லோடையும் எடை போட்டு எந்த விவசாயி கெட்டிக்காரன் என்று கேட்பதுபோல. வாரியத்தைக் குறை சொல்ல மாட்டேன், இரண்டு எண்களையும் தனித்தனியாகத்தான் வெளியிடுகிறது. பெரிய எண்ணை மட்டும் எடுத்துப்போய் உலகப் பட்டியலில் ஒட்டுபவர்களைத்தான் குறை சொல்ல வேண்டும். 2017-இல் யூனோமியா என்ற பிரிட்டிஷ் ஆலோசனை நிறுவனம் பல நாடுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர முயன்றபோது சிங்கப்பூர் 61-லிருந்து 34-க்கு இறங்கியது. ஜெர்மனியும் 66-லிருந்து 56 ஆனது.

ஜெர்மனி ஏன் இறங்கியது? தராசு நின்ற இடம். அங்கே வீடுகளில் பேக்கிங் குப்பைக்கென்று வைக்கும் மஞ்சள் பையில் சேர்ந்த பிளாஸ்டிக்கை லாரி தரம்பிரிக்கும் ஆலைக்குக் கொண்டுபோகிறது. ஆலை வாசலில் நிறுத்தால் 100 டன். உள்ளே பிரித்து, அழுக்கையும் ஆகாததையும் எரிப்பதற்கு ஒதுக்கியபின் உண்மையில் உருக்கும் இடத்துக்குப் போவது அதைவிடக் கணிசமாகக் குறையும். நெல் மூட்டையை நிறுத்துவிட்டு அதையே அரிசிக் கணக்கில் எழுதினால் எப்படியோ அப்படித்தான் வாசல் எடையும். ஐரோப்பிய ஒன்றியம் 2020-க்கு 50 சதவீதம் என்று இலக்கு வைத்தபோது, அதைக் கணக்கிட நான்கு வேறு முறைகளை அனுமதித்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று நாடுகளிடமே விட்டுவிட்டது. நான்கு பதில் வரக்கூடிய பரீட்சை! பிறகு விதியை இறுக்கினார்கள். பிரித்து முடித்து, மறுசுழற்சி வேலைக்குள் நுழையும் இடத்தில்தான் இப்போது எடை. இலக்கு 2025-க்கு 55, 2030-க்கு 60, 2035-க்கு 65. அதாவது இலக்கு ஏறும்போதே அளவுகோலும் கடுமையாகிறது, சில நாடுகள் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐரோப்பாவுக்குள்ளேயே இன்னொரு வேடிக்கை. ஒருவருக்கு ஆண்டுக்கு 600 கிலோவுக்குள் குப்பை காட்டிவந்த ஆஸ்திரியா, 2020 கணக்கில் திடீரென்று 800-ஐத் தாண்டியது. கணக்கில் சேர்க்கும் வகைகள் மாறின, வேறொன்றும் இல்லை.

இப்போது ஜப்பான். அங்கே நகராட்சிக் குப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் நேரே எரியுலைக்குப் போகிறது. இடம் குறைவு, கோடைக்காலமோ புழுக்கம், அதனால் எரித்துச் சாம்பலாக்குவது அங்கே பல தலைமுறைப் பழக்கம். உலைகளில் பலவற்றில் மின்சாரம் எடுக்கிறார்கள், ஆனால் அதை மறுசுழற்சி என்று எழுதுவதில்லை. சூப்பர் மார்க்கெட் வாசலில் மக்கள் திருப்பிக் கொடுக்கும் தட்டுகளும் பால் அட்டைகளும் தனியார் வழியாகப் போவதால் நகராட்சிக் கணக்குக்குப் பெரும்பாலும் வருவதே இல்லை. தொகுஷிமா மாகாணத்தில் கமிகாட்சு என்ற சிற்றூர் குப்பையை 40-க்கும் மேற்பட்ட வகையாகப் பிரித்து சுமார் 80 சதவீதம் எட்டியதைப் படித்திருப்பீர்கள். அது விதிவிலக்கு, ஊரே சிறியது.

நான் பார்க்கும் எண் வேறு: மறுசுழற்சிக்குப் போனது போக ஒரு தலைக்கு மிச்சம் எத்தனை கிலோ? ஜப்பானியர் ஒருவர் நாளுக்கு 900 கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் குப்பை போடுகிறார், ஆண்டுக்குச் சுமார் 320 கிலோ. அதில் 20 சதவீதத்தைக் கழித்தால் 256. ஜெர்மனியில் ஆண்டுக்கு 600 கிலோவுக்கு மேல். 67 சதவீதத்தைக் கழித்தாலும் 200 மிஞ்சும். சதவீதத்தில் மூன்று மடங்குக்கு மேல் தெரிந்த வித்தியாசம் எங்கே போனது பாருங்கள். யூனோமியா திருத்தத்தின்படி 56 என்று வைத்தால் ஜெர்மனியில் 264 கிலோ மிஞ்சுகிறது, ஜப்பான் முந்திவிடுகிறது! முதலிலேயே குறைவாகக் குப்பை போடுபவருக்குச் சதவீதக் கணக்கில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

எடையே போடாமல் கணக்குச் சொல்லும் நாடும் உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, நாட்டில் எவ்வளவு பொருள் உற்பத்தியானது, அது எத்தனை வருடம் உழைக்கும் என்று வைத்துக் குப்பையை மதிப்பிடுகிறது. 2012-இல் நிலத்தில் புதைத்தது 12.2 கோடி டன் என்றது அந்தக் கணக்கு. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குப்பை நிரப்பு நிலங்களே கொடுத்த அளவுகளைக் கூட்டியபோது 26.2 கோடி டன் வந்தது. எந்தக் குப்பையைச் சேர்ப்பது என்பதில் கொஞ்சம் வேறுபாடு உண்டு, இருந்தாலும் இரண்டு மடங்கு!

அப்புறம் நம்ம ஊர், இந்தியா. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 அறிக்கையில் நாளொன்றுக்கு 1,60,038 டன் குப்பை. 79,956 டன் பதப்படுத்தப்பட்டது, 29,427 டன் நிலத்தில் கொட்டப்பட்டது. மீதி 50,655 டன், அதாவது 31.7 சதவீதம், கணக்கில் இல்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பலர் இதைக் கேலி செய்கிறார்கள். எனக்கு அந்த அறிக்கையிலேயே பிடித்த வரி அதுதான். தெரியாததைத் தெரியாது என்று ஒரு வரி போட்டு எழுத எத்தனை நாடுகளுக்கு மனம் வரும்?

இன்னொரு பக்கம், சென்னையில் எங்கள் வீட்டுக்கு மாதம் ஒருமுறை வரும் பழைய பேப்பர்காரர் நிறுத்து எடுத்துக்கொண்டு போகும் நாளிதழும் பால் கவரும் பாட்டிலும் மாநகராட்சி லாரியில் ஏறுவதே இல்லை. காயலான் கடை வழியாக ஆலைக்குப் போய்விடும். குப்பை என்ற தொகையிலும் அது இல்லை, மறுசுழற்சி என்ற தொகையிலும் இல்லை. லாரியில் ஏறுவதிலும் பாதியளவு ஈரக் குப்பை. ஐப்பசி மழையில் நனைந்து எடைமேடைக்கு வரும் லாரியில் நிறுப்பது குப்பையையா தண்ணீரையா என்று யாருக்குத் தெரியும்!

உங்கள் அட்டவணைக்கு என்றால், சிங்கப்பூருக்கு 52-ஐ எடுத்துவிட்டு 12-ஐப் போட்டு, வீடுகள் மட்டும் என்று கீழே குறிப்பு எழுதுங்கள். அதுவும் முழுப் பொருத்தம் இல்லை, ஜெர்மனியின் எண்ணில் கடைக் குப்பையும் சேர்ந்திருக்கிறது. ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் சதவீதத்துக்குப் பக்கத்தில் மிச்சக் கிலோ என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்துவிடுங்கள்.