மேசன் வேலையோடு எம்.எம்.ஏ.: கிழமையை எப்படிப் பிரிப்பது?

மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 24, எடை 66 கிலோ. பள்ளிக்கூடத்தில் மல்யுத்தம், பிறகு இரண்டு வருடம் கிக் பொக்சிங், இப்போது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டை விளையாட்டு. கிழமையில் ஆறு நாள் மேசன் வேலை, காலபோகத்தில் அப்பாவோடு வயலிலும் இறங்குகிறார். ஆறு நாளும் விடிய ஒரு மணித்தியாலம் ஓடுகிறார், மூன்று பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம் ஸ்பாரிங், அதாவது ஜோடியாக மோதிப் பழகும் பயிற்சி, செய்கிறார். மூன்று மாதமாக முன்னேற்றமே இல்லை, முழங்கால் வீங்குகிறது, களைத்துப் படுத்தாலும் நித்திரை வருவதில்லை, இன்னும் எதைக் கூட்டலாம் என்று கேட்கிறார். முதல் அமெச்சூர் போட்டிக்கு எந்த எடையில் இறங்குவது என்றும் கேட்டிருக்கிறார்.

தம்பி, கூட்ட ஒன்றுமில்லை, குறைக்கத்தான் வேண்டும். பயிற்சியின் சுமையை அளக்க ஒரு இலகுவான கணக்கு இருக்கிறது. பயிற்சி முடிந்து கொஞ்ச நேரத்தில், அது எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு புள்ளி போட்டு, அதை நிமிடங்களால் பெருக்குங்கள். உங்கள் ஓட்டத்துக்கு 5 புள்ளி என்றால் ஆறு நாளுக்கு 1800, ஸ்பாரிங்குக்கு 8 என்றால் மூன்று நாளுக்கு 2160, மொத்தம் 3960. இதில் நீங்கள் சாரத்தில் ஏறி நின்று சாந்து அள்ளியது, சீமெந்துப் பை சுமந்தது ஒன்றுமே சேரவில்லை. உடம்புக்கு வேலை வேறு, பயிற்சி வேறு என்று தெரியாது. இரண்டும் ஒரே முதுகில்தான் ஏறுகிறது.

என் யோசனை இதுதான்: கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் கடினமாகப் பயிற்சி செய்யுங்கள், அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு நாளாவது இருக்கட்டும். வேலை இல்லாத ஞாயிறு காலையை ஸ்பாரிங்குக்கு வையுங்கள், ஏனென்றால் முதல்நாள் நன்றாகத் தூங்கி எழும்பிய உடம்பில் அடிபட்டால்தான் அதிலிருந்து எதையாவது படிக்கலாம், களைத்த உடம்பில் அடிபட்டால் அடி மட்டும்தான் மிஞ்சும். திங்கள் முழு ஓய்வு. செவ்வாய் பின்னேரம் மல்யுத்தமும் நிலத்துப் பிடிகளும், இது இரண்டாவது கடின நாள். புதனும் வெள்ளியும் 35 நிமிடம் பலப் பயிற்சி: குந்தி எழும்புதல், பாரம் தூக்குதல், கம்பியில் தொங்கி ஏறுதல், இவ்வளவும் போதும், மணல் நிரப்பிய உரப்பையே பாரமாக உதவும். வியாழன் ஒரு மணித்தியாலம் மெதுவான நுட்பப் பயிற்சி, அதன் முடிவில் கதைத்துக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 30 நிமிடம். சனி சும்மா இருங்கள். இதே கணக்கில் போட்டால் ஏறத்தாழ 1900 வரும், இப்போது செய்வதில் பாதிகூட இல்லை. நான்காவது கிழமை அதையும் பாதியாக்குங்கள். செவ்வாயன்று கொங்கிறீட் போட்டுவிட்டு வந்தால் அன்று மல்யுத்தம் வேண்டாம், வியாழனோடு மாற்றிக்கொள்ளுங்கள்.

விடிய ஓடுவதை விடத்தான் வேண்டுமா? ஆம். முழங்கால் வற்றும்வரை அந்த 30 நிமிடமும் வேண்டாம். ஒரு கிழமை ஓய்விலும் வற்றாவிட்டால் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

ஸ்பாரிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம்முடைய பெடியன்கள் பிழைவிடும் இடம் அதுதான். சர்வதேச அமெச்சூர் விதியில் மூன்று நிமிடச் சுற்று மூன்று, முழங்கையால் அடிக்கக் கூடாது. ஆக ஞாயிறன்று ஐந்து சுற்று தாராளம். அதில் மூன்றை ஒரு நிலையிலிருந்து தொடங்குங்கள்: ஒன்றில் சுவரோடு முதுகு, ஒன்றில் எதிராளி நெஞ்சின் மேல் இருக்கிறார், ஒன்றில் அவர் ஒரு காலைப் பிடித்துவிட்டார். மீதி இரண்டு திறந்த ஸ்பாரிங், தலைக்குப் பலமாக அடிக்காமல். குத்து ஒரு நாள், மல்யுத்தம் ஒரு நாள் என்று தனித்தனியாகப் பழகியவருக்கு இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் ஓட்டை. மல்யுத்தத்திலிருந்து வந்த பெடியன்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது: இடக்கையால் ஜாப் என்னும் நேர்க்குத்துப் போடுவார், அந்தக் கை தாடைக்குத் திரும்பாமல் நேரே எதிராளியின் தொடைக்கு இறங்கும், இடுப்பு வளையாமல் தலை மட்டும் குனியும், அந்த நேரம் மேலே வரும் முழங்காலுக்கு முகம் கிடைக்கும். கையைத் தாடைக்குக் கொண்டுவந்து, முழங்காலை மடக்கி, முதுகு நேராக இருக்கக் கீழே இறங்குங்கள். வியாழன் ஒரு மணித்தியாலத்தில் இருபது நிமிடம் இது ஒன்றையே செய்தாலும் நல்லது. தலையில் அடிபட்டு மயக்கமோ, தலையிடியோ, குமட்டலோ வந்தால் அந்த நாள் முடிந்தது, வைத்தியர் சொல்லும்வரை ஸ்பாரிங் கிடையாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வன்னி வெயிலில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒன்று, ஒன்றரை லீற்றர் தண்ணீர் உப்போடு திரும்பிப் போக வேண்டும், தேசிக்காயும் உப்பும் கரைத்தது போதும். உடம்பு காய்ந்திருக்கும்போது வலிக்கு டைக்ளோபெனாக் மாத்திரை போட்டுப் பயிற்சி மெத்தையில் இறங்காதீர்கள், அது சிறுநீரகத்தைத் தாக்கும், அதுவும் சிறுநீரக நோய் வவுனியா வரை வந்திருக்கிற மண் இது. சிறுநீர் வெறுந்தேநீர் நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரி.

வயலில் இறங்குவதால் இன்னொன்றும் சொல்கிறேன். மெத்தையில் உரசிய முழங்கை, சீமெந்து தின்று வெடித்த விரல், இந்தப் புண்களோடு சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வர வழி திறந்திருக்கிறது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் கொண்டுபோனது எல்லோருக்கும் நினைவிருக்கும். கெண்டைக்கால் நோவும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் பயிற்சி நோவு என்று நினைத்து இருந்துவிடாதீர்கள், பயிற்சி நோவுக்குக் காய்ச்சல் வராது. வயல் தொடங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மருந்து கேளுங்கள். புண் ஆறாதவர் மற்றவரோடு கட்டிப்புரளவும் வேண்டாம்.

சாப்பாட்டில் புரதம் ஒரு நாளைக்கு உங்கள் எடைக்கு ஏறத்தாழ 105 கிராம். மூன்று முட்டை, மத்தியானமும் இரவும் நல்ல துண்டு மீன், காலையில் அவித்த கௌபி, இடையில் தயிர், இப்படிச் சேர்த்தால் அதற்குக் கிட்ட வந்துவிடும், டப்பாப் பவுடர் தேவையில்லை. சோற்றைக் குறைக்காதீர்கள், நாள் முழுக்கக் கல் தூக்குகிறீர்கள்.

எடைப் பிரிவு: பெதர்வெயிட் எல்லை 65.8 கிலோ. நீங்கள் 66, அதாவது வாசலில் நிற்கிறீர்கள். முதல் போட்டிக்கு அடுத்த கீழ்ப் பிரிவான 61.2 கிலோவுக்கு இறங்கச் சொல்லி யாராவது பட்டினி போட்டு வியர்க்க வைத்தால் மறுத்துவிடுங்கள். இந்தத் திட்டத்தை 12 கிழமை செய்து, முழங்கால் வீங்காமல் ஒரு சிறுபோகம் போகட்டும், போட்டிக்குப் பெயர் கொடுப்பதைப் பிறகு பார்க்கலாம். இந்த ஞாயிறு ஸ்பாரிங் இல்லை, படுத்துத் தூங்குங்கள்.