நாக்கு எட்டாத இடத்துக்கு மட்டும் தண்ணீர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பூனைக் குளியல் பற்றித்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் என் கிளினிக்குக்கும் இதே கேள்வியோடு, கையெல்லாம் பிராண்டல் காயத்தோடு வருகிறார்கள். அதனால் நாய், கிளி வைத்திருப்பவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசிமேடு துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பூனை மீன் ஏலம் போடும் இடத்தில் சுற்றிவிட்டு, கவிச்சி வாடையோடு வந்து கட்டிலில் படுக்கிறது. மாமியார் சொன்னதால் நாலு மாதமாக வாராவாரம் குழந்தை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறேன். இப்போது முதுகெல்லாம் பொடுகு, ஓயாமல் சொறிகிறது. ஷாம்புவை மாற்றலாமா?
– வாசகி, காசிமேடு

ஷாம்புவை மாற்ற வேண்டாம், குளியலையே நிறுத்துங்கள். பிள்ளைக்கு ஒத்துக்கொள்வது பூனைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் மனிதத் தோலில் லேசான அமிலத் தன்மை உண்டு. பூனைத் தோலில் அது குறைவு, தோலும் நம்முடையதைவிட மெல்லிசு. நமக்கென்று செய்த ஷாம்புவை வாராவாரம் போட்டால், முடியடியில் இருக்கிற இயற்கையான எண்ணெய்ப் பசை வழித்துக்கொண்டு போய்விடும். அதிலும் கடலோரத்துப் போர் தண்ணீர் உப்பு. நுரையே வராது, சோப்பும் சரியாக அலசிப் போகாது. மிச்சத்தைப் பூனைதான் நக்கித் தின்ன வேண்டும்.

பூனை உங்கள் விரலை நக்கும்போது கவனித்திருப்பீர்கள், உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். அந்த நாக்கில் இருக்கிற குட்டிக் குட்டி முட்களின் நுனி குழிவானது. எச்சிலை மொண்டுகொண்டு போய் முடியின் அடிவரைக்கும் விட்டுவிட்டு வரும். உங்களிடம் இருக்கிற எந்தச் சீப்புக்கும் அந்த வித்தை தெரியாது. விழித்திருக்கிற நேரத்தில் கிட்டத்தட்ட கால்வாசியைப் பூனை இதற்கே செலவழிக்கிறது.

கவிச்சிக்கு வழி இருக்கிறது. வெதுவெதுப்பான மெட்ரோ தண்ணீரில் பழைய பனியன் துணியை நனைத்துப் பிழிந்து வாயோரம், முன்னங்கால், வாலடி மட்டும் துடைத்துவிடுங்கள். மாமியாரிடம் டாக்டரம்மா சொன்னதாகச் சொல்லுங்கள், கோபம் என் மேல் வரட்டும்.

சொறிவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். ஒரு பேன் சீப்பு எடுத்து வாலடி முதுகில் இரண்டு இழுப்பு இழுத்து, வருவதை ஈரமான வெள்ளைப் பஞ்சில் தட்டுங்கள். மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக விழுந்து, ஓரத்தில் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். கசிவது பூனையின் ரத்தம்தான். அப்போது வேண்டியது பூனைக்கென்றே உள்ள தெள்ளு மருந்து. ஆசனவாயைச் சுற்றி அரிசி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், தெள்ளு வழியாக வருகிற நாடாப்புழு.

அப்புறம் ஒன்று. ஏலத்தில் கழித்துப் போடுகிற மத்தி, பூனைக்கு விருந்துதான். அதையே மூன்று வேளையும் மாதக்கணக்கில் தின்றால் வைட்டமின் ஈ குறைந்து, தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பு அழன்றுவிடும். முடி பிசுபிசுக்கும், முதுகைத் தொட்டாலே சீறும். கோழியும் முட்டையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

லாரிக்கு அடியில் படுத்திருந்த பூனையின் முதுகில் பழைய என்ஜின் ஆயில் கொட்டிவிட்டது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், எண்ணூர்

இவருக்கு அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

கட்டாயமாகக் குளிப்பாட்ட வேண்டிய பூனை இதுதான். ஆயில் தோலில் இருப்பதைவிட, பூனை அதை நக்குவதுதான் ஆபத்து. முதலில் ஒரு துண்டால் கழுத்துக்குக் கீழே சுற்றி, நக்க விடாமல் பிடியுங்கள். மண்ணெண்ணெய், தின்னர் பக்கமே போகாதீர்கள். தோல் வெந்துவிடும், நக்கும்போது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

சமையல் எண்ணெயை இரண்டு ஸ்பூன் எடுத்துக் கறுப்புப் படிந்த இடத்தில் தேய்த்தால் ஆயில் இளகும். காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள். பிறகு பாத்திரம் கழுவுகிற திரவ சோப்பு சில சொட்டு. வேறு எந்த நாளிலும் அதைப் பூனைக்கு நான் சொல்லமாட்டேன், இன்றைக்கு மட்டும் சரி.

குளியலில் தோற்பவர்கள் பெரும்பாலும் தண்ணீரில் தோற்பதில்லை, சத்தத்தில் தோற்கிறார்கள். அடிபம்பை அடித்துக்கொண்டே பூனையைப் பிடித்தால் அது உங்கள் தோள் வழியாக ஏறித்தான் ஓடும். முன்னாடியே டப்பில் நாலு விரல் உயரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, கால் வழுக்காமல் அடியில் ஒரு துண்டைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு, அப்புறம் பூனையைக் கூட்டி வாருங்கள். ஒருவர் தோளையும் மார்பையும் பிடிக்க, இன்னொருவர் சின்ன மக்கால் முதுகோடு ஒட்டி ஊற்ற வேண்டும். தலையில் ஊற்றக்கூடாது, முகத்துக்குத் துணிதான். கையில் வழவழப்பு போகிறவரை அலசி, துண்டால் ஒற்றி, அறைக்குள்ளேயே காயவிடுங்கள். இருமினாலோ வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ இதற்கெல்லாம் காத்திருக்காமல் வேப்பேரிக்கு ஓடுங்கள். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அது, நம் வடசென்னைக்காரர்கள் ஆடு மாட்டோடு போய்ப் பழகிய இடம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது, கூழைக்கடாக்களின் இறகில் கறுப்பு அப்பியிருந்ததை ஊரே பார்த்தது. பறவை இறகைக் கோதும், பூனை முடியை நக்கும். இரண்டுக்கும் வாய் வழியாகத்தான் ஆபத்து.

பீனாயிலும் அப்படித்தான். நான் படித்து முடித்த புதிதில், அம்மா தாழ்வாரத்தைப் பீனாயில் ஊற்றிக் கழுவினார். ஈரம் காய்வதற்குள் எங்கள் பூனை அதில் நடந்துபோய், ஓரமாக உட்கார்ந்து பாதத்தை நக்கியது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாயங்காலம் எச்சில் நூலாக ஒழுகியது, நாக்கு புண். இந்த வகைப் பொருளை முறிக்கிற சக்தி பூனையின் ஈரலுக்கு ரொம்பக் குறைவு என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். பிழைத்தது, பத்து நாள் கஞ்சிதான்.

தெள்ளுக்கு வேப்பெண்ணெய் தடவலாமா? வீட்டில் நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறது, அதை விடலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

இரண்டும் வேண்டாம். நாய் மருந்துகள் பலவற்றில் இருக்கிற பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு, உடல் நடுங்கி வலிப்பு வரும். ஏற்கெனவே விட்டிருந்தால் உடனே கழுவிவிட்டு, மருந்து அட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குட்டிப் பூனையின் காதோரம் வட்டமாக முடி கொட்டியிருக்கிறது. என் மகன் கையிலும் வட்டமாக அரிப்பு. தினமும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுகிறோம், குறையவில்லை.
– வாசகி, கொருக்குப்பேட்டை

படர்தாமரையாக இருக்கலாம். அது பூஞ்சை, அழுக்கு இல்லை. சோப்புக்குப் போகாது, தினமும் நனைத்தால் குட்டிக்குக் குளிர்தான் பிடிக்கும். பூனையிடமிருந்து பிள்ளைக்கும் ஒட்டும், அதனால் இரண்டு பேரையும் ஒரே வாரத்தில் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பை மகனுக்கும் போடாதீர்கள், குட்டிக்கும் போடாதீர்கள். வைத்தியம் வாரக்கணக்கில் நடக்கும். அதுவரை குட்டிக்குத் தனி அறை, தனித் துணி. உதிர்ந்த முடியிலேயே பூஞ்சை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால் பாய், தலையணை உறையைச் சோப்புப் போட்டுத் துவைத்து மொட்டை மாடி வெயிலில் காயப்போடுங்கள். குட்டியைத் தூக்கிப்போட வேண்டாம் என்று மகன் தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறான். தூக்கிப்போடத் தேவையில்லை தம்பி, மருந்து போட்டு முடிகிற வரைக்கும் மடியில் மட்டும் வைத்துக்கொள்ளாதே.