படகும் போகவில்லை, வழிகாட்டியும் வரவில்லை: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: கடந்த டிசம்பரில் குடும்பத்தோடு எட்டுப் பேர் மலேசியாவின் தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்கு மூன்று நாள் பயணம் போனோம். தலைக்கு 600 வெள்ளி (ரிங்கிட்), மொத்தம் 4,800 முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. கோலா தெம்பெலிங் ஜெட்டியிலிருந்து படகில் மழைக்காட்டுக்குள் போகலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஜெட்டிக்குப் போனால், தண்ணீர் ஏறிவிட்டது என்று வேனில் ஏற்றி, பூங்கா வாசலில் உள்ள கோலா தஹானுக்கு அனுப்பிவிட்டார்கள். உரிமம் உள்ள வழிகாட்டி என்றார்கள். வந்தது படகுக்காரரின் அண்ணன் மகன். ஒரு மரத்துக்குக்கூட அவனுக்குப் பெயர் தெரியவில்லை. மிதக்கும் உணவகத்துக்குப் போட்டிருந்த பலகையில் அம்மா வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. ‘ஆறு எங்கள் கையில் இல்லை, பணம் திரும்பாது என்று ரசீதின் பின்னால் போட்டிருக்கிறது’ என்கிறது கம்பெனி. என்ன செய்யலாம்? (வாசகர், கிள்ளான்)

பதில்: நீங்கள் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் படங்களையும் பார்த்தேன். கம்பெனி சொல்வது பாதி சரி. தண்ணீர் ஏறிய தெம்பெலிங் ஆற்றில், அந்தத் தாழ்வான நீளப் படகில் உங்களை ஏற்றாமல் விட்டதற்கு நன்றிதான் சொல்ல வேண்டும். 2014 டிசம்பர் வெள்ளத்தில் கோலா தஹானில் சிக்கிய பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது. ஆகவே படகு போகாததற்கு நஷ்டஈடு என்று எழுதாதீர்கள்.

ஆனால் போகாத படகுக்கு வாங்கிய கட்டணம்? அது வேறு கணக்கு. யார் தவறும் இல்லாமல் ஒப்பந்தம் நடக்க முடியாமல் போனால், கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற 1956 குடிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு வழி செய்கிறது. ஏற்கெனவே ஆன செலவைக் கழித்துக்கொள்ளவும் இடமுண்டு. உங்கள் பயணத்தில் நடக்காமல் போனது ஒரு பகுதிதான் என்பதால் அந்தப் பகுதிக்கு மட்டும் கேளுங்கள், வேன் செலவைக் கழித்து. டிசம்பர் மழைக்காலம் என்று தெரிந்தும் முன்பதிவில் ஒரு வரி எச்சரிக்கை இல்லை; அதையும் குறிப்பிடுங்கள்.

உங்கள் வலுவான கோரிக்கை வழிகாட்டி விஷயம்தான். ஆற்றில் வெள்ளம் வந்தால் வழிகாட்டியின் உரிமம் ஏன் காணாமல் போக வேண்டும்? 1992 சுற்றுலாத் தொழில் சட்டப்படி வழிகாட்டிக்கு உரிமம் தேவை. இயற்கை வழிகாட்டிகள் பச்சை அட்டை போட்டிருப்பார்கள், நகர வழிகாட்டிகளுக்கு நீலம். நீங்கள் எடுத்த படத்தில் அந்தப் பையன் கழுத்தில் தொங்குவது இயர்போன் மட்டும்தான். அந்தப் படத்தையும், ‘உரிமம் பெற்ற வழிகாட்டி உண்டு’ என்று கம்பெனி அனுப்பிய செய்தியையும் பத்திரமாக வையுங்கள். இதற்காகச் சுற்றுலா அமைச்சில் தனியாகப் புகாரும் கொடுக்கலாம்.

சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் தர வேண்டும் என்பது 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவு. ரசீதின் பின்பக்கத்தில் எதை அச்சடித்தாலும் இந்தச் சட்டம் செல்லும் என்கிறது 6ஆவது பிரிவு. நியாயமற்ற ஒப்பந்த வாசகங்களைச் செல்லாது என்று அறிவிக்கவும் இதே சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தப் பொடி எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

எங்கே போவது? பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் முதலாம் பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது. எங்கள் பிழைப்புக்கு அது நல்லதில்லை, உங்களுக்கு நல்லது. கம்பெனியும் வக்கீலோடு வர முடியாது.

எவ்வளவு கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முழு 4,800ஐயும் கேட்டால், ‘இரண்டு இரவு எங்கே தூங்கினீர்கள்?’ என்ற கேள்விதான் முதலில் வரும். தங்குமிடமும் சாப்பாடும் கிடைத்தன. படகுக்கு இவ்வளவு, வழிகாட்டிக்கு இவ்வளவு, அவன் கூட்டிப்போகாத இரவு நடைக்கு இவ்வளவு என்று வரிவரியாகப் போடுங்கள். அதே பயணத்துக்கு வேறு இரண்டு கம்பெனிகளின் விலைப்பட்டியலை அச்செடுத்து இணைத்தால் தொகைக்கு ஆதாரம் ஆகிவிடும்.

அப்புறம் அம்மாவின் கணுக்கால். அதை அந்தப் பாரத்தில் எழுதாதீர்கள். உடற்காயம் தொடர்பான கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இல்லை. அது நீதிமன்றத்துக்குப் போகும் வழக்கு, பொதுவாக ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. பலகை உணவகத்துடையதா, அங்கே சாப்பிடும் ஏற்பாடு கம்பெனி செய்ததா, கைப்பிடிக் கயிறு இருந்ததா என்று பார்க்க வேண்டும். மருத்துவ அறிக்கையையும் எக்ஸ்ரேயையும் வாங்கி வையுங்கள். பலகையைப் படம் பிடித்திருந்தால் அதையும்.

ஒன்று முக்கியம். தீர்ப்பாயத்தின் அறிவிப்பு போனதும் கம்பெனி சமரசம் பேச வரலாம். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கொடுத்து ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் ‘இந்தப் பயணம் தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன’ என்று இருந்தால், அம்மாவின் வழக்கையும் சேர்த்து முடிக்கப் பார்க்கிறார்கள் என்று பொருள். ‘படகு, வழிகாட்டிக் கட்டணம் தொடர்பாக மட்டும்’ என்று மாற்றி எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடுங்கள்.