எந்த மனு எந்த வாசலுக்கு?

கேள்வி: திருப்பத்தூர் இப்போது மாவட்டத் தலைநகர். அதனால் அந்த நகராட்சி எங்கள் வாணியம்பாடி நகராட்சிக்கும் மேலானதா? தெருவிளக்கு, பட்டா எல்லாவற்றுக்கும் கலெக்டரிடம்தான் போக வேண்டுமா?
– வாணியம்பாடி வாசகி

பதில்: இல்லை, அம்மா. திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர், ஜோலார்பேட்டை என நான்கு நகராட்சிகளும் தனித்தனி மன்றங்கள். ஒன்று மற்றொன்றுக்கு உத்தரவிட முடியாது. நான்கையும் மேற்பார்வையிடுவது மாநில நகராட்சி நிர்வாகத் துறை.

வருவாய்த் துறையில் பணியாற்றியவன் நான். குடிநீர்க் குழாய்க்கு மனு எழுதிக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் வயதானவர்கள் காத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கும். குடிநீர், தெருவிளக்கு, குப்பை, சொத்து வரி, பிறப்பு இறப்புச் சான்று எல்லாம் நகராட்சி. பட்டா, சாதி, வருமானச் சான்று வட்டாட்சியர். இரண்டு அலுவலகமும் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன. முதலில் வார்டு உறுப்பினரைப் பாருங்கள். 2022 பிப்ரவரி 19 அன்று நீங்கள் வாக்களித்தது அதற்காகத்தான்.

அப்படியானால் மாவட்டம் பிரித்தது வீணா என்றால், அதையும் ஏற்க மாட்டேன். 1792-இல் பாரமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் வட்டாரம்) கிழக்கிந்தியக் கும்பெனியார் கைக்கு வந்தபோது, அதை நிர்வகித்த கேப்டன் ரீட் தலைமையிடமாகக் கொண்ட ஊர் திருப்பத்தூர். பிறகு சேலத்தோடு இருந்து, 1911-இல் வட ஆர்க்காட்டுக்குப் போனது. கடைசியில் வேலூர் மாவட்டத்தின் ஒரு கோடியாக நின்றது. ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுக்காரர் கலெக்டரைப் பார்க்க மலையிறங்கி, திருப்பத்தூரிலிருந்து மேலும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வேலூருக்குப் போக வேண்டியிருந்தது. அன்றைய கூலியும் போய்விடும். 2019 நவம்பர் 28-இல் தனி மாவட்டம் பிறந்தது முதலில் அவருக்காகத்தான் என்று கருதுகிறேன். ஆம்பூர்க்காரர்களுக்கு அவ்வளவு வித்தியாசமில்லை.

ஆனால் நகராட்சி எல்லைக்குள் அடங்காத ஒன்று உங்கள் ஊரில் ஓடுகிறது. பாலாறு. வாணியம்பாடி காத்து வைத்தாலும் ஆம்பூர் கவனிக்காவிட்டால் பயனில்லை. கழிவுநீர்க் கால்வாய்க்கு வார்டு எல்லை தெரியாது. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது இந்த ஆற்றுக்காகவே. அதை நிறைவேற்றப் பல துறைகளை ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். மாவட்டத்தில் அது கலெக்டரால் முடியும். ஆற்றைப் பற்றிய மனுவைத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் அவரிடமே கொடுங்கள். ஆம்பூர் மக்களின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும்.